பேயை நம்பினான்! பெண்ணை நம்பவில்லை!

படிப்பகத்தில் படம் முடிந்தது. விளக்கு எரிந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த இளந்தோழர் பெருமூச்செறிந்து, "இதுவன்றோ காதல்!" என்றார். நாம் திடுக்கிட்டோம்.

திடுக்கிடக் காரணம் உண்டு. அந்தத் தோழர் பகுத்தறிவாளர். பேய் என்றால் சிரிப்பார். சோதிடன் என்றால் சீறுவார். தெருமுனையில் எவனாவது குறி சொல்லக் கண்டால், நான்கே கேள்விகளில் அவன் நாவை அடைத்துவிட்டுத்தான் நகர்வார். அப்படிப்பட்டவர், மாண்டுபோன ஒருத்தியின் உருவத்தை உயிரோடிருக்கும் ஒருத்தியின்மீது ஏற்றி, அவளை அணு அணுவாக அழித்த ஒருவனைப் பார்த்துவிட்டு, அதற்குக் காதல் என்று பெயர் சூட்டுகிறார்! அவர் எதை எண்ணிப் பெருமூச்செறிந்தார் என்பதும் நமக்குத் தெரியும். 'எனக்கு விருப்பமில்லை' என்று ஒரு பெண் தெளிவாகச் சொல்லி ஆறு திங்களாகியும், அவள் ஏறும் பேருந்து எத்தனை மணிக்கு வரும் என்பதை இன்னமும் மனப்பாடமாக வைத்திருப்பவர் அவர். அவரைப் போன்ற தோழர்கள் பலர். அவர்களுள் ஒருவராக நாமும் இருந்த காலம் உண்டு. ஆகவேதான் இந்தக் கட்டுரை.

படத்தின் பெயர் 'வெர்ட்டிகோ'. தலைச்சுற்றல், கிறுகிறுப்பு என்று பொருள். ஆல்பிரட் ஹிட்ச்காக் இயக்கியது. 1958-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள், கதை நிகழும் அதே சான்பிரான்சிஸ்கோ நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. பிரெஞ்சு எழுத்தாளர்கள் புவாலோ, நார்செழாக் இருவரும் சேர்ந்து 1954-இல் வெளியிட்ட புதினம் ஒன்றே இதன் மூலம். வெளிவந்த காலத்தில் படத்தை வானளாவப் புகழ்ந்தவர் சிலரே. ஆனால் இங்கிலாந்து நாட்டு 'சைட் அண்டு சவுண்டு' இதழ் பத்தாண்டுக்கொரு முறை நடத்தும் வாக்கெடுப்பில், 1962 முதல் ஐம்பதாண்டு முதலிடத்தில் வீற்றிருந்த 'சிட்டிசன் கேன்' படத்தை 2012-இல் இறக்கிவிட்டு, இது ஏறி அமர்ந்தது. 2022-இல் ஷந்தால் அக்கர்மன் என்னும் பெண் இயக்குநரின் படம் ஒன்று இதனை இரண்டாம் இடத்துக்குத் தள்ளியது. பட்டம் பெற்ற படம் என்பதற்காகவே கன்னத்தில் போட்டுக்கொள்ளும் வழக்கம் நமக்கில்லை. பட்டமும் ஒருவகைத் திருநீறுதானே! படம் என்ன சொல்கிறது என்பதையே பார்ப்போம்.

கதையை முழுவதும் சொல்லியாக வேண்டும். மர்மம் கெட்டுவிடுமே என்று யாரும் வருந்த வேண்டாம். படம் மூன்றில் இரண்டு பங்கு ஓடியதுமே, மர்மத்தை ஹிட்ச்காக் தம் கையாலேயே உடைத்தெறிந்துவிடுகிறார். மூலநூலில் இறுதிவரை மூடி வைக்கப்பட்ட உண்மை அது. 'முன்கூட்டியே ஏன் சொன்னார்?' என்று அன்றும் கேட்டனர், இன்றும் கேட்கின்றனர். விடையைப் பிறகு சொல்வோம்.

ஸ்காட்டி துப்பறியும் காவல்துறை அதிகாரி. கூரைமீது ஒரு குற்றவாளியைத் துரத்தும்போது கால் வழுக்கித் தகரத் தாழ்வாரத்தைப் பற்றித் தொங்குகிறான். கைகொடுத்துக் காக்க வந்த காவலர் தவறி விழுந்து மடிகிறார். அன்று முதல் உயரம் என்றால் ஸ்காட்டிக்கு நடுக்கம்; தலை சுழல்கிறது. வேலையை விடுகிறான். மனைவியில்லை, மக்களில்லை, தொழிலுமில்லை. இந்த நிலையில் அவனுடைய கல்லூரிக் காலத்து நண்பன் எல்ஸ்டர் அழைத்தனுப்புகிறான். கப்பல் கட்டும் தொழிலதிபன். தொழிலோ மனைவி வீட்டுச் சொத்து. 'என் மனைவி மேடலினை ஓர் ஆவி பிடித்திருக்கிறது. நூறாண்டுக்கு முன் தற்கொலை செய்துகொண்ட கார்லோட்டா என்பவளின் ஆவி. அவளைப் பின்தொடர்ந்து சென்று காப்பாற்று' என்கிறான்.

ஸ்காட்டி தொடர்கிறான். கார்லோட்டாவின் கல்லறை முன் மேடலின் நிற்கக் காண்கிறான். ஓவியக் கூடத்தில் கார்லோட்டாவின் படத்தின் முன் மணிக்கணக்கில் அமர்ந்திருக்கக் காண்கிறான். ஓவியத்திலுள்ள பூச்செண்டே அவள் கையில்! ஓவியத்திலுள்ள கூந்தற் சுருளே அவள் தலையில்! ஒருநாள் கோல்டன் கேட் பாலத்தடியில் அவள் நீரில் குதிக்க, பாய்ந்து காக்கிறான். காதல் பிறக்கிறது. பின்னர் சான் ஹுவான் பட்டிஸ்டா என்னும் பழைய கிறித்தவ மடத்தின் கோபுரத்தின்மீது அவள் ஓடுகிறாள். பின்னால் ஓடிய அவனுக்கு மாடிப்படி சுழல்கிறது. சாளரத்துக்கு வெளியே ஓர் உடல் வீழ்கிறது. மேடலின் மாண்டாள் என்று எண்ணிப் பித்தனாகிறான். மருத்துவமனையில் வாய்பேசாப் பதுமையாய்க் கிடக்கிறான்.

வெளிவந்தபின், தெருவில் அவளைப் போன்ற முகமுடைய ஒருத்தியைப் பார்க்கிறான். பெயர் ஜூடி. கான்சாஸ் மாநிலத்து சலைனா என்னும் ஊரிலிருந்து பிழைக்க வந்து, கடையில் வேலை செய்யும் எளிய பெண். அவளைத் தொடர்ந்து சென்று, பழகி, 'அந்த உடையை அணி', 'கூந்தலைப் பொன்னிறமாக்கு', 'அப்படி முடிந்துகொள்' என்று கெஞ்சி மிரட்டி, மாண்டவளாகவே அவளை மாற்றுகிறான். உண்மை யாதெனில், அவன் காதலித்த 'மேடலின்' இந்த ஜூடியேதான்! மனைவியைக் கொல்லத் திட்டமிட்ட எல்ஸ்டர், தன் ஆசைநாயகியான ஜூடியை மனைவிபோல் நடிக்கவிட்டு, கோபுரத்தில் ஏற இயலாத ஸ்காட்டியைச் சாட்சியாக்கி, முன்னமே கொன்று வைத்திருந்த மனைவியின் உடலைக் கீழே வீசினான். பிறகு, அவன் பணத்தோடு போய்விட்டான். ஜூடி கைவிடப்பட்டாள். ஒரு கழுத்தணியால் உண்மை வெளிப்பட, ஸ்காட்டி அவளை மீண்டும் அதே கோபுரத்துக்கு இழுத்துச் செல்கிறான். இருளிலிருந்து ஒரு கன்னித்துறவி எழுந்து வர, அஞ்சிப் பின்வாங்கிய ஜூடி வீழ்ந்து மடிகிறாள். இவ்வளவுதான் கதை.

இனி நம் கேள்விகளுக்கு வருவோம்.

ஆவிக் கதையை முதன்முதலில் கேட்டபோது ஸ்காட்டி என்ன செய்தான்? சிரித்தான். 'மனநல மருத்துவரிடம் கூட்டிச் செல்' என்று நண்பனுக்கு அறிவுரை சொன்னான். நம் இளந்தோழரைப் போலவே கெட்டிக்காரன்! பிறகு எப்படி வீழ்ந்தான்? ஆராய்ச்சி செய்துதான் வீழ்ந்தான் என்பதே இப்படத்தின் நுட்பம். கல்லறைக்குச் சென்று ஆண்டுகளைக் குறித்துக்கொண்டான். ஓவியக் கூடத்தில் படத்தின் பெயரை விசாரித்தான். பழம்புத்தகக் கடைக்காரரிடம் கார்லோட்டாவின் வரலாற்றைக் கேட்டறிந்தான். அனைத்தும் உண்மை! கல்லறை உண்மை, ஓவியம் உண்மை, வரலாறு உண்மை. சான்றுகளைத் தேடித் தேடிச் சேர்த்த அந்தத் துப்பறிவாளன், கதையைச் சொன்னவன் யார், அந்தக் கதையால் அவனுக்கு என்ன ஆதாயம், மனைவி செத்தால் சொத்து யாருக்கு என்ற மூன்று கேள்விகளை மட்டும் கேட்கவேயில்லை. காவல்துறைப் பள்ளியின் முதல் பாடமன்றோ அது! ஆனால் எல்ஸ்டர் நண்பன், செல்வன், நல்ல உடை உடுத்தவன், கனிவாகப் பேசுபவன். அவனையா ஐயுறுவது?

இன்னொரு காட்சி. கனவில் ஒரு கோபுரத்தைக் காண்பதாக மேடலின் சொல்கிறாள். அதன் அடையாளங்களை அடுக்குகிறாள். ஸ்காட்டி துள்ளிக் குதிக்கிறான். 'அது கனவன்று, உண்மையான இடம், நான் காட்டுகிறேன் வா!' என்று வண்டியில் அழைத்துச் செல்கிறான். குதிரைக் கொட்டிலைக் காட்டி, மரக்குதிரையைக் காட்டி, 'பார், எல்லாவற்றுக்கும் விளக்கம் உண்டு' என்று வெற்றிப் பெருமிதத்தோடு சொல்கிறான். நம் மேடைகளில் நாம் சொல்லும் சொல் அது! அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டே கொலைகாரன் குறித்து வைத்த நாளில், குறித்து வைத்த இடத்தில் போய் நிற்கிறான். பேயை மறுக்கும் அறிவு அவனிடம் இருந்தது. அந்த அறிவையே கயிறாகத் திரித்து அவன் கழுத்தில் மாட்டிவிட்டான் எல்ஸ்டர். பேயில்லை என்று நிறுவிவிட்டால் நம் வேலை முடிந்தது என்று கருதும் தோழர்கள் இந்தக் காட்சியை இரண்டு முறை பார்க்கவேண்டும்.

சரி, அந்தக் கார்லோட்டா யார்? புத்தகக் கடைக் கிழவர் சொல்லும் கதையைக் கேளுங்கள். கல்லறையில் பொறித்துள்ளபடி 1831-இல் பிறந்து 1857-இல் இறந்தவள். இருபத்தாறு வயதைத் தாண்டாதவள். மடத்தை அண்டிய சிற்றூரிலிருந்து வந்த ஏழைப்பெண். பெருஞ்செல்வன் ஒருவன் அவளைக் கண்டான், கொண்டான், மாளிகை கட்டி வைத்தான், பிள்ளை பிறந்ததும் பிள்ளையைப் பறித்துக்கொண்டு அவளைத் தெருவில் தள்ளினான். வருவோர் போவோரையெல்லாம் நிறுத்தி, 'என் பிள்ளை எங்கே?' என்று கேட்டுக் கேட்டுப் பித்தாகி மாண்டாள். 'அந்த நாளில் ஆண்களால் அப்படிச் செய்ய முடிந்தது. அவர்களிடம் அதிகாரமும் சுதந்திரமும் இருந்தன' என்கிறார் கிழவர்.

அதிகாரம், சுதந்திரம்! இந்த இரண்டு சொற்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில், பழைய சான்பிரான்சிஸ்கோ போய்விட்டதே என்று ஏங்கும் எல்ஸ்டர், எவற்றை எண்ணி ஏங்குகிறான்? இதே அதிகாரத்தை, இதே சுதந்திரத்தை. இறுதியில் கோபுரத்தில் ஜூடியை உலுக்கும் ஸ்காட்டி, எல்ஸ்டர் எதைப் பெற்றுக்கொண்டு அவளை உதறினான் என்று கேட்கும்போதும் இதே சொற்கள் அவன் வாயில் வருகின்றன. மூன்று இடம், மூன்று வாய், சொல் ஒன்றே. இது தற்செயல் என்று நாம் நம்பவில்லை. 'பழைய பெருமை', 'அந்தக் காலம்' என்று பெருமூச்சு விடுகிறவன் எதைத் தேடுகிறான் என்பதை ஹிட்ச்காக்கும் அவருக்குக் கதை உரையாடல் அமைத்த கோப்பலும் டெய்லரும் எவ்வளவு தெளிவாக அறிந்திருக்கிறார்கள்! நூறாண்டுக்கு முன் ஒரு செல்வன் ஓர் ஏழைப்பெண்ணை எடுத்தான், எறிந்தான். 1958-இல் இன்னொரு செல்வன் இன்னோர் ஏழைப்பெண்ணை எடுத்தான், எறிந்தான். மறுபிறவி இப்படத்தில் இருக்கிறதென்றால், அது கார்லோட்டாவின் மறுபிறவியன்று. அந்தப் பெயரில்லாச் சீமானின் மறுபிறவியே!

ஆனால், நம் இளந்தோழர் எல்ஸ்டருக்காகப் பெருமூச்செறியவில்லை. அவர் உள்ளம் உருகியது ஸ்காட்டிக்காக. ஆகவே ஸ்காட்டியின் காதலை எடைபோட்டாக வேண்டும்.

கடைக்கு அழைத்துச் செல்லும் காட்சியை எடுத்துக்கொள்வோம். மாண்டவள் அணிந்திருந்த சாம்பல்நிற உடையைப் போன்றதே வேண்டும் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளுகிறான். கடைக்காரி, 'இந்தப் பெருமகனுக்குத் தமக்கு என்ன வேண்டுமென்று நன்றாகத் தெரிகிறது' என்னும் பொருள்படப் பாராட்டுகிறாள். ஜூடி மூலையில் ஒதுங்கி நிற்கிறாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்க அந்தக் கடையில் யாருமில்லை. பிறகு கூந்தல். நிறம் மாற்றச் சொல்கிறான், அவள் மறுக்கிறாள். அப்போது அவன் சொல்லும் சொல் ஒன்று நம் நெஞ்சில் இன்னும் உறுத்துகிறது. 'அதனால் உனக்கென்ன போயிற்று?' என்கிறான்! கெஞ்சும் குரலில்தான் சொல்கிறான். கண்ணில் நீர் ததும்பத்தான் சொல்கிறான். ஆனால் சொல் அதுதான். தலை அவளுடையது, மயிர் அவளுடையது, அவளுக்கென்ன போயிற்றாம்!

'நீ சொல்கிறபடி மாறினால் என்னை நேசிப்பாயா?' என்று அவள் கேட்கிறாள். நேசிப்பேன் என்கிறான். எவளை? அவள் முற்றும் மாறி, பச்சை விளக்கொளியில் ஒரு மூடுபனியிலிருந்து வெளிப்படுபவள்போல் வரும்போது, அவன் முகத்தில் மலரும் மகிழ்ச்சியைப் பாருங்கள். படம் முழுவதிலும் ஜூடியை அவன் அப்படிப் பார்த்ததேயில்லை. அவளைத் தழுவும்போது சுற்றிலும் அறை மறைந்து, பழைய குதிரைக் கொட்டில் தோன்றுகிறது. அவன் தழுவுவது ஒருத்தியை, கூடியிருப்பது இன்னொருத்தியோடு. பெர்னார்டு ஹெர்மனின் இசை அங்கே பொங்கிப் பெருகுகிறது. நம் தோழர் மயங்கிய இடம் அதுவே. இசையின்மேல் பழிபோட்டு அவரை விடுவிக்கலாம். ஆனால் நாம் விடமாட்டோம்.

ஏனெனில் ஹிட்ச்காக் நமக்கு முன்னமே உண்மையைச் சொல்லிவிட்டார். முன்னே நிறுத்தி வைத்த கேள்விக்கு இங்கே விடை. ஜூடி ஒரு கடிதம் எழுதுகிறாள். நடந்ததையெல்லாம் ஒப்புக்கொள்கிறாள். திட்டப்படி நடித்தேன், ஆனால் உன்னைக் காதலித்தது திட்டத்தில் இல்லை என்கிறாள். எழுதி முடித்ததும் கிழித்தெறிகிறாள். அதுவரை ஸ்காட்டியின் கண்களால் பார்த்து வந்த நாம், அந்த நொடி முதல் ஜூடியின் உள்ளத்துக்குள்ளும் குடிபுகுகிறோம். அவன் ஒவ்வோர் உடையாக உடுத்தும்போதும், அவள் எதை இழக்கிறாள் என்று நமக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை. இறுதிவரை மறைத்திருந்தால் இது வெறும் புதிர்க்கதை. உடைத்துச் சொன்னதால்தான் ஒரு பெண் உயிரோடு அழிவதை உட்கார்ந்து பார்க்கும் கொடுமை நமக்கு நேர்கிறது. அந்தக் கடிதத்தைப் பார்த்தபிறகும் 'இதுவன்றோ காதல்' என்று ஒருவர் சொல்வாரானால், அவர் கடிதம் வந்தபோது கண்ணை மூடியிருக்கவேண்டும்.

தொல்காப்பியர் காதலை ஏழு திணையாக வகுத்தபோது, ஒருதலைக் காமமாகிய கைக்கிளையை ஒரு கோடியிலும், பொருந்தாக் காமமாகிய பெருந்திணையை மறுகோடியிலும் நிறுத்தி, ஒத்த அன்பினை நடுவில் வைத்தார். தேற்றினாலும் தேறாத அளவுக்கு மிகுந்துபோன காமத்தை அவர் பெருந்திணையில் சேர்த்தார். அதற்கும் திணை உண்டு, பெயர் உண்டு, மறைக்கவில்லை, மறுக்கவில்லை. ஆனால் நடுவிடம் கொடுக்கவில்லை. ஸ்காட்டியின் நோய்க்கு நம் மொழியில் இவ்வளவு பழைய பெயர் இருக்க, நம் திரையுலகம் அதற்குக் காதல் என்று பெயர் மாற்றிச் சூட்டிக்கொண்டே வந்திருப்பது ஏனோ!

திரையுலகம் என்றதும் ஒரு செய்தி. 1965-இல் கே. சங்கர் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியும் நடித்த 'கலங்கரை விளக்கம்' இந்தப் படத்தின் சாயலைக் கொண்டதே. பாவேந்தர் பாடல் ஒலித்த படமென்று நம்மவர் நினைவில் நிற்பது. சான்பிரான்சிஸ்கோ மாமல்லபுரமாயிற்று; மடத்துக் கோபுரம் கலங்கரை விளக்கமாயிற்று; கார்லோட்டாவின் இடத்துக்குப் பல்லவர் காலத்துச் சிவகாமி வந்தாள். ஆனால் மூலத்தின் நஞ்சு முழுவதும் வடிகட்டப்பட்டுவிட்டது. நம் கதாநாயகன் நோயாளியாக இருக்கலாகாதே! அவன் நல்லவனாகவும் வல்லவனாகவும் இருந்தாக வேண்டும். பாட்டும் படப்பிடிப்பும் இனியவை, மறுக்கவில்லை. எனினும், அந்த மாற்றத்தில் எது தொலைந்தது என்பதை இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர் உணர்வர்.

நடிப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். ஸ்காட்டியாக நடித்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட், அமெரிக்க மக்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையாகக் கொண்டாடிய நல்லவர். அந்த நல்ல முகத்தைக் கொண்டே இந்தக் கொடுமையைச் செய்வித்ததுதான் ஹிட்ச்காக்கின் குறும்பு. படம் வெளிவந்தபோது அவருக்கு வயது 49. கிம் நோவாக்குக்கு 25. நோவாக்கின் நடிப்பை அன்று சிலர் குறைத்துப் பேசினர். நமக்கோ, படத்தின் உயிரே அவர்தான் என்று தோன்றுகிறது. மேடலினாக நடிக்கும் ஜூடியாக நடிக்கவேண்டும். பிறகு மேடலினாக மாற மறுத்து, மாறி, மகிழ்ந்து, அஞ்சும் ஜூடியாக நடிக்கவேண்டும். அவருக்கு அது அயலான அனுபவமன்று. கொலம்பியா படநிறுவனம் அவருடைய மாரிலின் என்ற இயற்பெயரை எடுத்துவிட்டு, 'கிட் மார்லோ' என்று முழுப்பெயரையும் மாற்றப் பார்த்தது. நோவாக் என்ற குடும்பப் பெயரை விடமாட்டேன் என்று போராடிக் காத்துக்கொண்டவர் அவர். இந்தப் படத்தின் சாம்பல்நிற உடையும் அவருக்குப் பிடிக்கவில்லை, இயக்குநர் விடவில்லை, அணிந்தார். கதைக்குள்ளே ஸ்காட்டி, கதைக்கு வெளியே படநிறுவனம். இந்த ஒற்றுமையைக் கண்டு சுவைப்பவர்கள், அதைக் கண்டு கொஞ்சம் வெட்கப்படவும் வேண்டும்.

தொழில்நுட்பத்தை ஒரு வரியில் முடித்துவிடலாம். மாடிப்படி சுழலும் அந்தக் காட்சியில், காமிரா ஒருபுறம் நகர, வில்லையின் பார்வை எதிர்ப்புறம் இழுக்கிறது. படிக்கட்டின் சிறு உருவைப் படுக்க வைத்து எடுத்தார்களாம். பிற்காலப் படங்கள் எத்தனையோ அதனைக் கடன் வாங்கின.

குறைகள் இல்லையா? உண்டு. எல்ஸ்டர் தப்பிவிடுகிறான். கொலைகாரச் சீமான் ஐரோப்பாவில் உலவ, கையாளாக இருந்த ஏழைப்பெண் கோபுரத்திலிருந்து விழுகிறாள். உலக நடப்பு அதுதானே என்று ஹிட்ச்காக் தரப்பில் யாரேனும் வாதாடலாம். நடப்பைக் காட்டுவது வேறு; அதைக் கண்டு படம் கோபப்படுவது வேறு. கோபத்தை இங்கே நாம் காணவில்லை. ஜூடி குற்றமற்றவள் என்று நாம் சொல்லவரவில்லை. ஒரு கொலைக்கு அவள் உடந்தை. கோபுரத்தின் மீது ஓடியது அதைத் தடுக்கத்தான் என்று அவள் சொல்வதை நம்பினாலும், பிறகு வாய் மூடி இருந்தது குற்றமே. ஆனால் அவளை விசாரிக்கவேண்டியது நீதிமன்றம், ஏமாந்த காதலனல்லன். அந்த இறுதிக் காட்சியில் ஸ்காட்டி அவளைப் படிப்படியாக இழுத்துச் செல்லும்போது, அவன் சினத்தின் காரணம் என்ன என்று கூர்ந்து கேட்டோம். ஒரு பெண் கொலையுண்டாளே என்ற துயரம் அதில் மிகக் குறைவு. எல்ஸ்டரும் உன்னை இப்படித்தானே உடுத்தினான், பயிற்றினான், என்னைவிட நன்றாகச் செய்தானே என்ற பொறாமையே மிகுதி! உண்மையான மேடலினை, அந்தக் கொலையுண்ட மனைவியை, இந்தப் படத்தில் யாருமே அழவில்லை. அவள் முகத்தைக்கூட நாம் சரியாகப் பார்ப்பதில்லை.

மிட்ஜைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. ஸ்காட்டியின் பழைய தோழி. பெண்களின் உள்ளாடை விளம்பரத்துக்குப் படம் வரைந்து பிழைப்பவள், மூக்குக்கண்ணாடி அணிந்தவள், நகைச்சுவையாகப் பேசுபவள், தன் உழைப்பில் தானே நிற்பவள். அவனை நேசிக்கிறாள். அவன் கார்லோட்டா ஓவியத்தில் மயங்கிக் கிடப்பதைக் கண்டு, அதே ஓவியத்தில் தன் முகத்தைக் கண்ணாடியோடு வரைந்து காட்டுகிறாள். கேலிதான், ஆனால் கேலிக்குள் ஒரு வேண்டுகோள். 'உயிரோடு இருக்கும் என்னைப் பார்!' என்பதே அது. அவனோ முகம் சுளித்து வெளியேறுகிறான். சாமி படத்தைக் கிறுக்கிவிட்டால் பக்தன் சுளிப்பானே, அந்தச் சுளிப்பு! மருத்துவமனையில் அவன் பேச்சற்றுக் கிடக்கும்போது, இசைத்தட்டுப் போட்டுப் பார்க்கிறாள், கொஞ்சிப் பார்க்கிறாள். பிறகு மருத்துவரிடம், அவன் இன்னும் மாண்டவளைத்தான் காதலிக்கிறான் என்று சொல்லிவிட்டு, நீண்ட தாழ்வாரத்தில் நடந்து போகிறாள். போனவள் படத்தில் மீண்டும் வருவதேயில்லை. ஹிட்ச்காக் மறந்துவிட்டாரா, ஸ்காட்டி மறந்துவிட்டதைக் காட்டினாரா என்று நாம் பலநாள் எண்ணியிருக்கிறோம்.

தனிமை மனிதனைப் பித்தனாக்கியது என்பார்கள். ஸ்காட்டி தனியனா? கதவைத் தட்டினால் திறக்க ஒரு தோழி இருந்தாள். சாராயம் ஊற்றிக் கொடுத்து, அவன் உயரத்துக்குப் பழக முயன்றபோது உடனிருந்து உதவி, மயங்கி விழுந்தபோது தோளில் தாங்கிக்கொண்டாள். அவன் தனிமை, ஆள் இல்லாத தனிமையன்று. இருக்கிற ஆளைப் பார்க்க மறுத்த தனிமை. உண்மையில் தனியள் ஜூடிதான். தந்தை இறந்தார், தாய் மறுமணம் செய்துகொண்டாள், வந்தவனைப் பிடிக்காமல் ஊரைவிட்டு வந்தாள். ஒரு விடுதி அறை, சாளரத்தில் பச்சை விளக்கு, மேசைமேல் தாய்தந்தையின் நிழற்படம். தான் யார் என்பதற்குச் சான்றாக ஓட்டுநர் உரிமத்தை எடுத்து அவனிடம் நீட்டுகிறாளே, அந்தக் காட்சியை நம்மால் மறக்க முடியவில்லை. நான் ஜூடி, சலைனாவைச் சேர்ந்த ஜூடி என்று அவள் சொல்லும்போது, அதில் பாதி பொய் கலந்திருக்கிறது என்பதை நாம் பின்னர் அறிகிறோம். பாதி உண்மை. அந்தப் பாதியையேனும் அவன் கேட்டிருக்கலாம்.

இந்தக் கட்டுரையின் முற்பகுதியை அந்த இளந்தோழரிடம் படித்துக் காட்டினோம். முதலில் சினந்தார். 'ஒரு படத்தைப் படமாகப் பார்க்க விடமாட்டீர்களா?' என்றார். மறுவாரம் அவரே படச்சுருளைக் கேட்டு வாங்கிச் சென்றார். இந்தக் காலத்தில் சுருளேது, சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு பொருள்தான். நான்கு நாள் கழித்துத் திருப்பிக் கொடுக்க வந்தவர், நெடுநேரம் ஒன்றும் பேசாமல் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அவன் மாற்றச் சொன்ன முதல் நாளே அந்தப் பெண் ஏன் ஓடிப்போகவில்லை?"

பெட்டியைக் கட்டினாள், பிறகு பிரித்துவிட்டாள், பார்க்கவில்லையா என்றோம். பார்த்தேன் என்றார். அதற்குமேல் நாமும் பேசவில்லை. மாலை ஐந்தரை மணிப் பேருந்து படிப்பகத்தின் வாசலைக் கடந்து போயிற்று. அவர் தலை நிமிரவில்லை.